வாசலில் நின்ற ஊர்

அந்த நாட்டின் சுதந்திர தினத்தைப் பார்க்கவென்று போகிற வெளியூர்க்காரர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். அணிவகுப்பு கிடையாது. பீரங்கி கிடையாது. மைதானத்தில் ஈ காக்கை இருக்காது. காலையில் ஊரே குளித்து, துவைத்த துணி உடுத்தி, அவரவர் வாசலில் வந்து நிற்கும். எதிர்வீட்டைப் பார்த்துச் சிரிக்கும். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்ச் சாப்பிடும். இதற்கா ஒரு விடுமுறை என்று கேட்டால், இதற்குத்தான்.

ஆட்சி கைமாறிய புதிதில், ஒப்பந்தத்தில் கையெழுத்தான நாளைத்தான் சுதந்திர தினம் என்று பெரியவர்கள் அறிவித்தார்கள். முறைப்படி அது சரிதான். பந்தல் போட்டார்கள், மேடை போட்டார்கள். பேச வந்தவர்கள் இருந்தார்கள், கேட்க வந்தவர்களைத்தான் காணோம். ஆனால் அதற்குச் சில மாதம் கழித்து, யாரும் அறிவிக்காத ஒரு தேதியில், மொத்த ஊரும் வாசலில் வந்து நின்றது. அடுத்த வருடமும் அப்படியே நின்றது. அரசாங்கம் தலையைச் சொறிந்துவிட்டு, விடுமுறையை அந்தத் தேதிக்கே மாற்றிக்கொண்டது. ஊரோடு ஒத்து வாழ் என்பது அரசாங்கத்துக்கும் சேர்த்துத்தானே.

அந்தத் தேதி எப்படி வந்தது என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு பத்தி உண்டு. 'தொலைபேசி நிலைய ஊழியர்கள் சிலரின் துணிச்சலால்' என்று ஆரம்பித்து, மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். அந்தச் சிலர் யார் என்றால், ஒரு மாமியார், ஒரு மருமகள், இன்னும் நாலு பெண்கள். இது மருமகள் பக்கத்திலிருந்து பார்த்த கதை.

மாமியார் அந்த எக்ஸ்சேஞ்சின் மேற்பார்வையாளர். அவருக்குப் பெண்கள் வைத்த பட்டப்பெயர் பூட்டு. மருமகள் அதே அறையில் ஆபரேட்டர். அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வானொலி. இந்த இரண்டு பெயரையும் கேட்டாலே அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துவிடும். வீட்டில் "அத்தை", "நீ" என்று பேசிக்கொள்வார்கள். எக்ஸ்சேஞ்ச் படியேறினால் உறவு குடையோடு சேர்ந்து மூலையில் நிற்கும். மருமகள் "மேடம்" என்பாள். மாமியார் அவளை "அஞ்சாம் போர்டு" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் "நீங்க" போட்டு.

மாடியில் ஒரு நீள அறை. சுவரை ஒட்டி ஆளுயரப் போர்டுகள், எதிரே உயரமான நாற்காலிகள். போன் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் போர்டில் ஒரு துளை, துளைக்கு மேலே விரல்நகம் அளவுக்கு ஒரு பித்தளை மூடி. யாராவது போனின் கைப்பிடியைச் சுழற்றினால் அந்த மூடி டக்கென்று விழும். ஆபரேட்டர் கம்பியைச் செருகி, சின்னக் கீயைத் தன் பக்கம் இழுத்து, எந்த நம்பர் என்று கேட்டு, இணைப்புக் கொடுத்து, கீயைத் திருப்பித் தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் இரண்டு பேர் பேசுவதும் அவள் காதில் விழும்.

அந்தக் கீயைத் தள்ளுவதுதான் பூட்டுக்கு வேதம். "காது நம்மோடது இல்ல. போன் வச்சிருக்கவங்களோடது" என்பார். சொன்னதோடு நிற்கிற ஆளும் இல்லை. அவருடைய சொந்தத் தங்கைக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டார் பேசிய பேச்சு முழுக்க அவர் கை வழியாகத்தான் போனது. அவர் கீயைத் தள்ளிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். கல்யாணம் நிச்சயமான செய்தி உறவில் கடைசியாகத் தெரிந்தது அவருக்குத்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் அதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

வானொலி கெட்டவள் இல்லை. வேலையில் கை வேகத்துக்கு அவளுக்கு இணை கிடையாது. ஆனால் வாய் அதைவிட வேகம்.

அன்று மதியம் அந்த வாய்தான் வேலையைக் கெடுத்தது. கெடுத்தது என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்த நிமிடத்தில் அது தப்புதான். மறுநாள் காலை மைதானத்தில் விடுதலைக்காரர்களின் கூட்டம். தங்கள் கொடியை முதன்முதலாகப் பொதுவில் ஏற்றப் போகிறார்கள். கொடியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்கப் போகிறவர் வானொலியின் கணவர், ஒரு பள்ளி வாத்தியார், பூட்டுக்கு ஒரே மகன். கூட்டம் முடிகிறவரை எக்ஸ்சேஞ்சில் இருப்பவர்கள் வெளியே போகக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்து, கீழே கதவில் இரண்டு சிப்பாய்களும் நின்றாகிவிட்டது.

"வீட்டுக்குள்ளயே கொடிக்கம்பைத் தூக்கி நடந்து பழகறாரு" என்று அவள் பக்கத்துப் போர்டு கண்ணாடிக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "திரும்பினாரு பாரு, மேல தொங்கற விளக்கு, அலமாரி மேல இருந்த கூஜா, எல்லாம் கீழே. வெள்ளைக்காரன் போறதுக்கு முன்னாடி எங்க வீட்டுப் பாத்திரம் போயிடும் போல."

பேச்சின் நடுவில் ஆளுநர் மாளிகையின் மூடி விழுந்தது. ராணுவ முகாமுக்கு லைன் கேட்டார்கள். கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கூஜா என்ன ஆனது என்ற இடத்துக்குத் திரும்பினாள். கீ அப்படியே இருந்தது.

கூஜாக் கதை பாதியில் நின்றுவிட்டது. கண்ணாடிக்காரி திரும்பிப் பார்த்தபோது வானொலியின் முகத்தில் ஈயாடவில்லை. கையை நீட்டிக் கீயைத் தள்ளினாள், ஆனால் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிந்திருந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அறைக் கோடியில் இருந்த மேற்பார்வையாளர் மேசைக்குப் போனாள்.

"அத்தை" என்றாள்.

அந்த அறையில் அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. எல்லாத் தலையும் திரும்பியது.

"இங்க அத்தை யாரும் இல்ல" என்றார் பூட்டு, நிமிராமல்.

"கீ திறந்தே இருந்திச்சு, அத்தை. மாளிகை லைன்."

பூட்டு நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல ஒருத்தி இப்படிச் செஞ்சதில்ல. கேட்டதை இங்கயே மறந்துட்டுப் போய் உட்காருங்க."

"மறக்க முடியாது. கூட்டத்தைத் தடுக்க வேணாம், நல்லாச் சேரட்டும்னு சொல்றாங்க. மைதானத்தோட மூணு வழியையும் அடைச்சிடுவாங்களாம். எச்சரிக்கை எதுவும் கிடையாதாம். முன்வரிசையில இருந்து சுட ஆரம்பிக்கணுமாம்." அவள் இன்னும் கிட்டே வந்தாள். "முன்வரிசையில அவருதான், அத்தை."

வானொலி மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "எதிர்ல ரொட்டிக்கடைக்கு ஒரே ஒரு போன். தினமும் சாயங்காலம் என்னைக் கூட்டிட்டுப் போக அங்கதான் வந்து நிப்பாரு. நாளைக்குப் போகாதேன்னு மட்டும் சொல்லிடறேன். வேற யாருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. உங்க மகன்தானே."

உங்க மகன்தானே என்று அவள் சொல்லியிருக்க வேண்டாம். அந்த மகனுக்கு நடை பழகுவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குழந்தையையும் வேலையையும் ஒன்றாகத் தூக்கிச் சுமந்தவர் பூட்டு.

"ஒரு வீட்டுக்கு மட்டும் சொன்னா அது திருட்டு" என்றார் கடைசியில். "அவங்க பேச்சை எடுத்து நம்ம வீட்டுக்குக் கொண்டு போறது. அதை நான் செய்ய மாட்டேன், என் பிள்ளைக்காகவும் செய்ய மாட்டேன்."

பெற்ற மனம் பித்து என்பார்களே, இது கல்லா என்று வானொலி நினைத்தாள். பின்னால் பல வருடம் அந்த நினைப்புக்காக அவள் வெட்கப்பட்டதுண்டு.

"மைதானத்துக்குப் போற மத்த பிள்ளைங்களுக்கும் அம்மா இருக்கால்ல" என்று பூட்டு தொடர்ந்தார், யாரிடமோ கணக்குத் தீர்க்கிற மாதிரி மெல்ல. "ஊருக்கே சொன்னா அது திருட்டு இல்ல." எழுந்து நின்றார். "எல்லாரும் இங்க பாருங்க."

அவர் நடந்ததைச் சொன்னார். வேண்டாம் என்பவர்கள் தலைவலி என்று சொல்லி ஓய்வறையில் போய்ப் படுத்துக்கொள்ளலாம், நாளை ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல மாட்டேன் என்றார். ஒருத்தி எழுந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, "நிறையப் பேசணும்ல" என்றாள்.

யாருக்குச் சொல்வது என்பதுதான் அடுத்த சிக்கல். போன் வைத்திருப்பவர்களில் பாதி ஆளுநரின் ஆட்கள். ஒருவர் தப்பாக அமைந்தால் போதும். ஆனால் இந்த விஷயத்தில் ஆபரேட்டர் பெண்களை ஏமாற்ற முடியாது. மூடி விழுந்ததும் "ஏய், முகாமைப் போடு" என்கிறவன் யார், "அம்மா, இருபத்தொன்பது கிடைக்குமா" என்கிறவர் யார் என்று அவர்களுக்கு மனப்பாடம். "நம்மகிட்ட மனுஷங்ககிட்டப் பேசற மாதிரி பேசறவங்களுக்கு மட்டும்" என்றார் பூட்டு. அதைவிட நல்ல சல்லடை அந்த ஊரில் இல்லை.

சொல்ல வேண்டியதையும் அவரே வகுத்துக் கொடுத்தார். நாளைக்கு மைதானத்துக்கு யாரும் போகாதீங்க. சுடுவாங்க. உங்க தெரு முழுக்கச் சொல்லுங்க. இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. துளை வரிசைப்படி போக வேண்டும், எவரும் தன் வீட்டுக்கு வேண்டியவரை முந்திக் கூப்பிடக்கூடாது. இதைச் சொல்லும்போது அவர் மருமகளைப் பார்க்கவில்லை. ரொட்டிக்கடையின் துளை கடைசி வரிசையில் இருந்தது.

தச்சுப்பட்டறை, பால் பண்ணை, பிரசவ ஆஸ்பத்திரி, ரயில் சரக்குக் கொட்டகை என்று அறுவரும் கூப்பிட்டுக் கொண்டே போனார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் மறுபேச்சுப் பேசவில்லை. யார் பேசுகிறது என்றுகூடக் கேட்கவில்லை. குரல் தெரிந்த குரலாயிற்றே.

எதிர்த்துக் கேட்டது மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான். "போகலம்மா, சரி" என்றார் வானொலியிடம். "அப்ப என்னதான் பண்றது? போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுத்துக் கிடக்கறதா? பார்த்தியா, ஒரு பயலும் வரலைன்னு நாளைக்கு அவன் நாடெல்லாம் சொல்ல மாட்டான்?"

அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. ஆனால் சொன்ன அளவோடு நிறுத்துகிற பழக்கமும் அவளுக்குப் பிறவியிலிருந்தே இல்லை.

"உங்க வாசல்லயே நில்லுங்க" என்றாள். "எல்லாரும். அவங்கவங்க வாசல்ல. மைதானத்தைத்தானே வளைக்கப் போறான், எத்தனை வாசலை வளைப்பான்?"

"இது நல்லா இருக்கே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

பக்கத்தில் கண்ணாடிக்காரி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். அடுத்த இணைப்பில் அவளும் அதையே சொன்னாள். பூட்டு பின்னால்தான் நின்றிருந்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு அவர் தன் மேசைக்குப் போய், ஒரு கம்பியைச் செருகி, "நாளைக்கு அவங்கவங்க வாசல்ல நில்லுங்க" என்று தெளிவாகச் சொன்னார். ஒரு நாட்டின் சுதந்திர தினம் உண்டானது அப்படித்தான், ஒரு வாயாடியின் அதிகப்பிரசங்கித்தனத்தில்.

ரொட்டிக்கடையின் முறை வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "உன் வீட்டுக்காரன் வந்தாம்மா" என்றார். "உன்னை வெளிய விட மாட்டாங்கன்னு சிப்பாய் சொன்னதும் திரும்பிட்டான். இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னாடி. ஆள் அனுப்பறேன். ஆனா அவன் கேப்பானா? பிடிச்ச முயலுக்கு மூணு காலும்பானே."

வானொலி கீயைத் தள்ளிவிட்டு மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கடைசித் துளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் அறுவரும் ஜன்னலில் இருந்தார்கள். அங்கிருந்து தெரு முழுக்கத் தெரியும், தெருக் கோடியில் மைதானத்தின் ஒரு மூலையும் தெரியும். மூலையில் வெயிலில் சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். எதிரே வெறும் மண். தெருவில் முதலில் ஒரு கதவு திறந்தது. மருந்துக்கடைக்காரர், மனைவியோடு. பிறகு பக்கத்து வீடு. பிறகு எதிர்வீட்டில் நடக்க முடியாத ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்து வாசலில் வைத்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரு நெடுக வாசல்கள் நிறைந்தன. யாரும் கோஷம் போடவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். இத்தனை பேரும் நேற்று வரை வானொலிக்கு வெறும் துளைகள்.

அப்போது கொடிக்கம்போடு தெரு நடுவில் ஒரே ஒரு ஆள் வந்தார். வாத்தியார்தான். வாசலுக்கு வாசல் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் மைதானத்தைப் பார்த்தபடி நடந்தார். ரொட்டிக்கடை நேராக வந்ததும் கடைக்காரர் மாவுக் கையோடு இறங்கி, வாத்தியாரின் சட்டைக் காலரைப் பிடித்து, பள்ளிக்கு வராத பையனை இழுக்கிற மாதிரி இழுத்துப் படியேற்றினார். கொடிக்கம்பு கடைப் பலகையில் மோதியது. "கொடியை இங்க பிடி. இதுவும் வாசல்தான்" என்று அவர் கத்தியது மாடி வரை கேட்டது. வாத்தியார் திமிறினார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, கொடியை நிமிர்த்திப் பிடித்து அங்கேயே நின்றார்.

பூட்டு ஜன்னலை விட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையால் ஒரு முறை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ராணுவ அதிகாரி ஒருவன் படியேறி வர நேரமாகவில்லை. சேதி எந்த வழியாகப் போனது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "மாளிகை லைனைக் கேட்டது யார்?" என்றான்.

வானொலி எழுந்தாள்.

"அஞ்சாம் போர்டு" என்றார் பூட்டு, தினமும் கூப்பிடுகிற அதே குரலில். "உங்க போர்டுல மூடி விழுந்திருக்கு. உட்கார்ந்து கவனிங்க." பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "நான்தான் கேட்டேன். ஊருக்குச் சொல்லச் சொன்னதும் நான்தான். இவங்க என் உத்தரவுக்கு வேலை செஞ்சவங்க."

மூடி எதுவும் விழுந்திருக்கவில்லை. வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும், கையோடு இரண்டாவதையும் சொல்லிவிட்டார். வானொலி வாயைத் திறந்தாள். மாமியார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். ஊரே அவளைப் பேச்சுக்காரி என்று சொல்லும். அன்று பேசாமல் இருந்ததுதான் அவளுக்குப் பெரிய பாடு.

படிப்பவர்கள் வயிற்றைக் கலக்கிக்கொள்ள வேண்டாம், இதை இங்கேயே சொல்லிவிடலாம். பூட்டு சிறையிலிருந்து உயிரோடு வந்தார், ஆட்சி மாறிய மாதத்தில். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனால் அன்று காலை அது யாருக்குத் தெரியும்? இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில் அவர் படியிறங்கிப் போனபோது, இனி பார்ப்போமா என்றுதான் வானொலி ஜன்னலுக்கு ஓடினாள்.

அம்மா வெளியே வந்ததும் வாத்தியார் கொடிக்கம்பைக் கடைக்காரர் கையில் திணித்துவிட்டுக் கீழ்ப்படிக்குத் தாவினார். ஒரு சிப்பாயின் துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பியது.

"மேலே ஏறு" என்றார் பூட்டு. கத்தவில்லை. எக்ஸ்சேஞ்ச் குரல், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கிற குரல். "ஊரே வாசல்ல நிக்குது. நீ இறங்காதே."

மகன் காலைப் பின்னால் எடுத்தார். முகம் கோணிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதார்.

தெருவில் பெரும்பாலோருக்கு அந்த அம்மா யாரென்று தெரியாது. யாரோ ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் குரல் காதில் விழுந்ததும் மருந்துக்கடைக்காரர் விறைத்து நிமிர்ந்தார். வருடக்கணக்காக, தினமும் கேட்ட குரல். அவருக்கு அந்த அம்மாவின் பெயர் தெரியாது, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. தெரிந்ததை, தன் போன் எண்ணைச் சொன்னார்.

"அறுபத்திரண்டு" என்றார்.

பூட்டு திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை அவர் அதுவரை கண்டதில்லை. தலையசைத்தார்.

"தொண்ணூத்தேழு" என்றார் ரொட்டிக்கடைக்காரர், கொடியைப் பிடித்தபடி. அடுத்த வாசலிலிருந்து தச்சர், "முப்பத்தஞ்சு" என்றார். ஒரு டாக்டர், ஒரு பால்காரம்மா, நாற்காலியில் இருந்தவர், தெரு நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சிப்பாய்கள் இது ஏதோ ரகசியச் சொல் என்று நினைத்து மிரண்டு மிரண்டு பார்த்தார்கள். பூட்டு நடையை மட்டும் குறைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும், ஒருவரையும் விடாமல், "லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

வாத்தியார் வீட்டில் போன் கிடையாது. சொல்ல எண் இல்லாத அந்த ஒரே பிள்ளை, அம்மா தெரு முனையில் திரும்புகிறவரை, படியை விட்டு இறங்காமல் நின்றார்.